பறிக்காமல் பார்க்கும் பூ

பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் தெருவின் மயில்கொன்றைகளில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்துவிட்டன. ஆழமாக வேர் விடாமல் பக்கவாட்டில் பரவும் மரம் அது. பெருமழையில் மண் ஊறிய பிறகு காற்றை எதிர்த்து நிற்பதில்லை. மரங்களை அறுத்து அகற்றிய பின், தெருவில் இறங்கிய வெயிலைத் தாங்க முடியாமல், மறுபடி என்ன நடுவது என்று பேசக் குடியிருப்போர் நலச் சங்கத்தில் கூடினோம். வேம்பு, புங்கன், பூவரசு என்று வழக்கமான பெயர்கள் வந்துபோயின. அப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருவர் எழுந்து, தெரு முழுவதும் செர்ரி மரம் நடலாம் என்றார்கள். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்கள். ஒரு கால்வாயின் இரு கரையிலும், ஓர் இலைகூடத் தெரியாமல், வெளிறிய இளஞ்சிவப்பில் பூத்து நின்ற மரவரிசை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நர்சரியில் கன்று கிடைக்கிறது என்றும், விலைகூடக் கேட்டு வைத்திருக்கிறோம் என்றும் சொன்னார்கள். அந்தப் படம் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. வாசனைக்குப் பேர்போன பூ இல்லை, தொடுக்க முடியாது, அலங்கார வகைகளில் தின்னத்தக்க பழமும் இல்லை. அப்படியிருக்க, கண்ணால் நேரில் பார்த்திராத மனிதர்களைக்கூட அந்த மரம் எப்படி இவ்வளவு தூரம் ஈர்க்கிறது?

அந்தப் பிள்ளைகளோடு நானும் நர்சரிக்குப் போனேன். ‘செர்ரி பிளாசம்’ என்று எழுதிக் கட்டியிருந்த கன்றின் இலைக்காம்பு ஒவ்வொன்றிலும் ஐந்து சிற்றிலைகள் விரிந்திருந்தன. செர்ரியின் இலை தனி இலை. அதன் ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும். இலையும் காம்பும் சேரும் இடத்தில் சிறு புள்ளிகளாக இரண்டு சுரப்பிகள் இருக்கும். வளர்ந்த மரத்தின் பட்டையில் கிடைக்கோடுகள் ஓடும். எங்கள் முன்னால் இருந்தது தபேபுயா. நடு அமெரிக்காவிலிருந்து வந்து, இன்று பெங்களூருவின் சாலைகளில் தை, மாசியில் இளஞ்சிவப்பாகப் பூத்து, இந்தியாவின் செர்ரி என்று படங்களில் வலம்வரும் மரம். அழகான மரம்தான், அதன் பேரில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சாயல் மரத்தை நட்டால் சாயல் மட்டும்தான் கிடைக்கும் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது. உண்மையான செர்ரியிடம் நாம் விரும்புவது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளாமல் எதையும் நடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் உண்மையான கன்றை வரவழைக்க முடியுமா என்பதே அவர்களுடைய அடுத்த கேள்வி.

குளிரை எண்ணும் மரம்

வரவழைக்கலாம். இலைவிட்டு வளரவும் கூடும். பூக்காது. இதன் காரணம் எனக்கு அந்த மரத்தின் பூவைவிடவும் வியப்பாக இருக்கிறது. செர்ரியின் பூமொட்டு பூப்பதற்கு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகிறது. இலையுதிர் காலத்தில் அது உறங்கத் தொடங்குகிறது. அந்த உறக்கத்தைக் கலைப்பது வெயில் அல்ல, குளிர். ஐந்து பாகை செல்சியஸ் அளவிலான குளிரில் பல வாரங்கள் கிடந்த பிறகுதான் மொட்டு விழிக்கும். விழித்த பிறகு கிடைக்கும் இளஞ்சூட்டில்தான் மலரும். கொடைக்கானலில் பிளம்ஸ் காய்ப்பதும் சமவெளியில் காய்க்காததும் இதே கணக்கில்தான். செர்ரியும் பிளம்ஸும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த மரங்கள். புதுச்சேரியிலோ கடலூரிலோ தை மாதத்து விடியற்காலையில்கூடக் குளிர்நிலை 20 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. மொட்டு விழிக்க வேண்டிய அந்தக் குளிர் நம் கரையில் ஓர் இரவுகூட வருவதில்லை.

ஜப்பானின் முக்கியத் தீவுகளில் செர்ரி தெற்கே தொடங்கி வடக்கு நோக்கி, சூடு ஏறஏறப் பூத்துக்கொண்டு போகிறது. ஆனால் அந்நாட்டின் தென்கோடியில் உள்ள வெப்பமான ஒக்கினாவா தீவுகளில் வளரும் வேறொரு செர்ரி இனம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. ஜனவரி மாதத்தில், குளிர் முதலில் எட்டும் வடக்கு மலைப்பகுதியில் பூக்கத் தொடங்கி, அங்கிருந்து தெற்கு நோக்கி இறங்கி வருகிறது. குளிர்நாட்டில் சூட்டுக்குக் காத்திருக்கும் மரம், சூட்டு நாட்டில் குளிருக்குக் காத்திருக்கிறது. நம் நாட்டிலேயே இமயத்தின் காட்டுச் செர்ரி ஷில்லாங் மலையில் நவம்பர் மாதம் பூக்கிறது. அதற்கு அங்கே 2016 முதல் விழாவும் எடுக்கிறார்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு டோக்கியோ நகரம் 1910இல் அனுப்பிய 2,000 மரங்களில் பூச்சியும் நூற்புழுவும் கண்டு அத்தனையையும் எரித்தார்கள்; மனம் தளராமல் 1912இல் 3,020 மரங்களை மறுபடி அனுப்பினார்கள். அவை அங்கே செழித்ததற்கு நட்டவர்களின் அன்பு மட்டும் காரணமில்லை. அந்த நகரத்தின் குளிர்காலமும் காரணம். மரத்தைக் கப்பலில் ஏற்றலாம், மார்கழிக் குளிரை ஏற்ற முடியாது.

அழகு எங்கே இருக்கிறது

மகள் டோக்கியோவில் பணிபுரிந்த காலத்தில், ஒரு பங்குனியில் நான் அங்கே இருந்தேன். ஒற்றைப் பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. ஐந்து மெல்லிய இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு வெட்டு, இளஞ்சிவப்பு என்று சொல்லப்பட்டாலும் ஏறக்குறைய வெள்ளை. நம் நாகலிங்கப் பூவின் முன்னால் அதை வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பத்தடி பின்வாங்கி மரத்தைப் பார்த்தபோதுதான் அதன் வேலை புரிந்தது. இலை துளிர்ப்பதற்கு முன்பே பூத்துவிடுவதால் கறுத்த கிளையின் வடிவம் முழுவதும் தெரிகிறது. அந்தக் கறுப்பின்மீது வெளிறிய பூக்கள் கொத்துக்கொத்தாக நின்று, வெளிச்சத்தைத் தடுக்காமல் உள்ளே விடுகின்றன. மரத்தடியில் நிற்பவருக்கு நிழலும் ஒளியுமாக இரண்டும் கிடைக்கின்றன. இன்னும் பின்வாங்கினால் மரம் மறைந்து வரிசை தெரிகிறது. அரண்மனை அகழியை ஒட்டிய சிதோரிகாஃபுச்சியில் கிளைகள் வெளிச்சம் தேடி நீரை நோக்கித் தாழ்ந்திருந்தன. எதிரே கட்டடமோ கம்பமோ இல்லாததால் நீர்ப்பரப்பின் அகலம் முழுவதும் பூவுக்கே கிடைத்திருந்தது. ஒரு நிலக்காட்சியில் செர்ரிக்குக் கிடைக்கும் பெருமையில் பாதி, அதன் முன்னால் விட்டுவைக்கப்பட்ட வெற்றிடத்துக்கு உரியது என்று நான் நினைக்கிறேன். நம் தோட்டங்களில் பெரும்பாலும் நாம் செய்யாத காரியம் இது. ஓர் இடம் காலியாகத் தெரிந்தால் அங்கே ஒரு குரோட்டன்ஸையாவது வைத்துவிடுகிறோம்.

எல்லா மரங்களும் ஒரே நாளில் பூப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஜப்பானிய நகரங்களில் பெருவாரியாக உள்ள சொமேய் யொஷினோ என்ற வகை, ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட எடோ காலத்தின் பிற்பகுதியில் டோக்கியோவை ஒட்டிய சொமேய் என்ற தோட்டக்காரர் சிற்றூரிலிருந்து பரவியது. இலைக்கு முன் பூக்கும் குணத்தை ஒரு மூதாதையிடமிருந்தும், பெரிய பூவை இன்னொன்றிடமிருந்தும் பெற்றது. அதன் விதையிலிருந்து அதே மரம் வராது. ஆகவே லட்சக்கணக்கான மரங்களும் ஒட்டுக்கட்டி உண்டாக்கப்பட்ட, ஒரே மரத்தின் நகல்கள். ஒரே உடல் என்பதால், ஒரே வானிலைக்கு ஒரே நாளில் விழிக்கின்றன. இதற்கு ஒரு விலையும் உண்டு. கிளைகளைக் கற்றையாகத் திரித்துப் பூவைக் கெடுக்கும் ஒரு பூஞ்சை நோய் இந்த வகையை எளிதில் பிடிக்கிறது. ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகாது. எங்கள் தெருவில் ஒரே இனம், ஒரே வயது, ஒரே இரவில் விழுந்ததைப் பார்த்தவளுக்கு இது வெறும் பாடநூல் செய்தி அல்ல.

மரத்தைவிடப் பெரிய சாதனை அதைச் சுற்றி மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். எட்டாவது ஷோகன் யொஷிமுனே 1720களில் அசுகாயாமா என்ற குன்றில் செர்ரி மரங்களை நடச்செய்து பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அதுவரை மேல்தட்டினரின் பொழுதாக இருந்த மலர் பார்த்தல் ஊர் மக்களின் பொழுதானது. சுமிதா ஆற்றின் கரையிலும் நடச்செய்தார். பூப் பார்க்கக் கூட்டம் வந்தால் கரை மண் மிதிபட்டு இறுகும் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. ஜப்பானின் பழைய தலைநகரான கியோத்தோவில் அரசவையினரும் துறவிகளும் எழுதிவைத்த நாட்குறிப்புகளிலிருந்து, பூத்த நாள்களை ஒன்பதாம் நூற்றாண்டுவரை பின்னோக்கித் தொகுத்திருக்கிறார் யசுயுகி அஓனோ என்ற ஆய்வாளர். 2021இல் மார்ச் 26ஆம் நாளே முழுமலர்ச்சி வந்ததும், 1,200 ஆண்டுப் பதிவில் அவ்வளவு முந்தி அது வந்ததில்லை என்று உடனே சொல்ல முடிந்தது. பூவைக் கொண்டாடியவர்கள் அதன் தேதியையும் எழுதி வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே ஏக்கமாக இருக்கிறது. சங்கப் பாடல்களில் கொன்றை பூத்தால் கார்காலம் வந்துவிட்டது, பிரிந்துபோனவன் திரும்பியாக வேண்டும் என்று பொருள். மரத்தைக் காலண்டராகப் படிக்கும் பழக்கம் நமக்கும் இருந்தது. எழுதி வைக்கும் பழக்கம்தான் இல்லாமல் போயிற்று.

அத்தை கேட்டது

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் என் அத்தை இருக்கிறார். தெருவில் மரம் நடுவது பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்த நாள்களில் அவரைப் பார்க்கப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்து முல்லை கட்டிக்கொண்டிருந்தார். டோக்கியோவில் நான் எடுத்திருந்த படங்களைக் காட்டினேன். உவெனோ பூங்காவில் மரத்தடி முழுவதும் நீலத் தார்ப்பாய் விரித்து, குடும்பம் குடும்பமாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் மக்கள் உட்கார்ந்திருக்கும் படத்தில் அவர் நெடுநேரம் நின்றார்.

“இது வாசனை வருமா?”

“கிட்டத்தில் போனால் லேசாக வரும், அத்தை. இல்லையென்றே சொல்லலாம்.”

“தலையில வெச்சிக்குவாங்களா?”

“இல்லை.”

“சாமிக்கு?”

“அதற்கென்று யாரும் பறிப்பதில்லை.”

“பின்ன எதுக்கும்மா இத்தினி ஜனம்?”

பார்ப்பதற்குத்தான் என்றேன். அத்தை நார் மடித்து அடுத்த கண்ணியைப் போட்டுவிட்டுச் சொன்னார்: “நாம மரத்துப் பூவை என்னிக்கு அண்ணாந்து பார்த்தோம்? மகிழம்பூவும் சரி, மரமல்லியும் சரி, கீழ விழுந்தப்புறம்தான பொறுக்கினோம்.”

அத்தை அதைக் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. ஆனால் அதுவரை எனக்குப் பிடிபடாமல் இருந்தது அந்த இடத்தில் பிடிபட்டது. செடிப் பூவையும் கொடிப் பூவையும் நாம் பறிக்கிறோம், அரும்பாக இருக்கும்போதே பறிக்கிறோம். மரப்பூ எட்டாத உயரத்தில் இருப்பதால் அது தானாக இறங்கி வரும்வரை காத்திருக்கிறோம். மகிழம்பூ அடர்ந்த இலைகளுக்குள் இருக்கும் சின்னஞ்சிறிய பூ. மரம் பூத்திருப்பதை அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், மூக்குத்தான் முதலில் சொல்லும். அது நடுவில் ஓட்டையோடு விழுவதால் ஊசிகூடத் தேவையில்லை, ஈர்க்கிலோ நூலிலோ கோத்துவிடலாம்; காய்ந்த பிறகும் பெட்டிக்குள் மணந்துகொண்டிருக்கும். மரமல்லி இரவில் மலர்ந்து, விடியும்போது நீண்ட வெள்ளைக் காம்போடு தரையில் கிடக்கும். பள்ளிக்கூடம் போகும் வழியில் அதைப் பொறுக்காத பிள்ளை எங்கள் தலைமுறையில் இல்லை. பவளமல்லி ஒன்றைத்தான் மண்ணில் விழுந்த பிறகும் சாமிக்கு எடுக்கலாம் என்பார்கள். கோடையில் பூக்கும் பாதிரி, அத்தை வீட்டுக்கு அருகே உள்ள அந்தக் கோவிலின் தலமரம். ஊரின் பெயருக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும் மரம். அதன் குழல்வடிவப் பூவையும் கடலூர்க்காரர்கள் பெரும்பாலும் தரையில்தான் சந்திக்கிறார்கள். நம் ஊரில் மரப்பூவின் வாழ்க்கை அது உதிர்ந்த பிறகே தொடங்குகிறது.

இந்த எண்ணத்தோடு டோக்கியோவை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அங்கும் மக்கள் மலர்ச்சியைவிட உதிர்வுக்கே அதிகமாக நின்றார்கள். முழுமலர்ச்சிக்குப் பின் ஒரு வாரம்கூடத் தாங்காமல், காற்று வீசிய பிற்பகலில் இதழ்கள் உதிரத் தொடங்கியபோது, நடந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. அகழி நீரில் இதழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அகன்ற பாயாக மிதந்ததைப் படகில் இருந்தவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மரத்தில் கைவைத்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை. கீழே கிடந்த இதழ்களை ஒரு சிறுமி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே அவர்களுக்கும் நமக்கும் பூவின் உதிர்வில் பேதம் இல்லை. பேதம் உதிர்வதற்கு முந்தைய அந்தச் சில நாள்களில் இருக்கிறது. அந்த நாள்களுக்காக அவர்கள் வேலையை ஒதுக்கிவைக்கிறார்கள், பூக்கத் தொடங்கியதும் வானிலைத் துறை அதை அறிவிக்கிறது, ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் தலையை உயர்த்துகிறது. செர்ரியிடம் எங்கள் தெருப் பிள்ளைகள் விரும்பியதும் இளஞ்சிவப்பு நிறத்தை அல்ல என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் சேர்ந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காட்சியைத்தான்.

எங்கள் தெருவுக்கு எது

அப்படிப் பார்க்க வைக்கும் மரம் நம்மிடம் இருக்கிறது. சரக்கொன்றை பங்குனியில் இலையைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு, சித்திரை வைகாசியில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் மஞ்சள் சரங்களைத் தொங்கவிடுகிறது. புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த மாஹேயில் விஷுக்கனிக்கு அந்தப் பூவைத்தான் வைக்கிறார்கள். தாய்லாந்து அதைத் தன் தேசிய மலராகவே கொண்டாடுகிறது. பூக்காலம் குறுகியது, மரம் நடுத்தர உயரம், தரையில் மஞ்சளாக உதிரும். செர்ரியிடம் நான் கண்ட குணங்களில் பெரும்பாலானவை இதில் இருக்கின்றன; குளிர் கேட்பதில்லை என்பது கூடுதல். சங்கக் கூட்டத்தில் இதைத்தான் முன்வைத்தேன்: தெருவின் கிழக்குப் பக்கம் முழுவதும் சரக்கொன்றை மட்டும், இடையில் வேறெதுவும் கலக்காமல். மேற்குப் பக்கத்தில் மகிழமும் புங்கனும் பூவரசும் மாறி மாறி. ஒரு பக்கம் ஒரே இனமாக இருந்தால்தான் வரிசைக்கு உள்ள அழகு வரும். மறுபக்கம் கலந்திருந்தால்தான் அடுத்த புயலில் எல்லாம் ஒன்றாகப் போகாது. 2011இல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் என்ன செய்தது என்று எங்கள் கூட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. மரமல்லியை விரும்பியவர்கள் இருந்தார்கள், எனக்கும் ஆசைதான். அதன் கிளை காற்றில் எளிதில் முறியும் என்பதால், தெருவில் வேண்டாம், கோவில் திடலின் ஓரத்தில் வைக்கலாம் என்று முடிவாயிற்று. தபேபுயாவைப் பிள்ளைகளே கைவிட்டார்கள்.

எதிர்ப்பும் வந்தது, அது நியாயமானதுதான். கொன்றையின் காய் கறுத்த உருளையாக ஒன்றரை, இரண்டு அடிக்குத் தொங்கும். விழுந்தால் வாகனத்தின்மீது விழும், கூட்டுவதும் வேலை. ஒருவகை வண்ணத்துப்பூச்சி அதன் இலையில் முட்டையிடும், ஆகவே சில மாதங்கள் புழு இருக்கும். கடைசி வீட்டு ஐயா இரண்டையும் சொல்லி, தம் வாசலில் மட்டும் வேண்டாம் என்றார். காயை ஆண்டுக்கு ஒருமுறை கழித்துவிடலாம் என்றேன். புழுவுக்கு மருந்தடிக்க மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன் என்பதையும் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். பூவைப் பார்க்க நாம் நடும் மரத்தில் பட்டாம்பூச்சிக்கும் பங்கு உண்டு. அவருடைய வாசலில் மகிழம் வைப்பது என்று சமாதானம் ஆயிற்று.

பெங்களூருவின் லால்பாக் தோட்டத்தைப் பொறுப்பேற்று நடத்திய ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து முடியும்போது இன்னொன்று தொடங்கும்படி சாலைகளுக்கு மரம் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்துத் தெருச் சங்கத்திடம் பேசி, அங்கே வேறொரு மாதத்தில் பூக்கும் மரத்தை வைக்கச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். கடலூரில் இதைவிடப் பெரிய இடம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கெடிலத்தின் கரையில், தண்ணீர் முன்னால் இருக்க, பாதிரியையும் கொன்றையையும் வரிசையாக நட்டால், சுமிதா ஆற்றங்கரைக்குக் கிடைத்த வெற்றிடம் நமக்கும் கிடைக்கும். அதற்குப் பல அலுவலகங்களின் ஒப்புதல் வேண்டும், விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் எங்கள் தெருவுக்கான கன்றுகள் தயாராக வேண்டும். கொன்றை விதையின் தோல் கடினமானது. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்தோ, ஓரத்தைச் சற்றுத் தேய்த்தோ விதைத்தால்தான் சீராக முளைக்கும். அந்த இரண்டு பிள்ளைகளும் மொட்டைமாடியில் பைகளில் விதைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் குழி வெட்டிவிடலாம். எந்த மரம் எந்த நாளில் முதல் பூ விட்டது என்று எழுத ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். வேலைக்கோ மேற்படிப்புக்கோ அவர்கள் வெளியூர் போய்விட்டால் அதை யார் தொடர்ந்து எழுதுவது என்பதுதான் வருகிற கூட்டத்தில் பேச இருக்கும் விஷயம்.